உதவியாளரை யார் நியமிப்பது? சுதந்திர வாழ்வு இயக்கத்தின் வரலாறு

படுக்கையிலிருந்து எழுவது, கழிவறைக்குப் போவது, குளிப்பது, உடுத்துவது, உண்பது, மறுபடி படுக்கைக்குத் திரும்புவது ஆகிய அன்றாட வேலைகளைச் செய்ய இன்னொருவரின் கை தேவைப்படும் மனிதர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அந்தக் கை யாருடையது, அது எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்படித் தூக்க வேண்டும், சரியில்லை என்றால் யார் அதை மாற்றுவது என்ற கேள்விகளுக்கு நெடுங்காலம் விடை சொன்னவர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், விடுதிக் காப்பாளர்கள், குடும்பத்தார். உதவி பெறுபவர் அந்தப் பட்டியலில் இல்லை. 1960களிலிருந்து அமெரிக்காவிலும், பின்னர் பிரிட்டனிலும் சுவீடனிலும், இந்த விடையை மாற்ற மாற்றுத்திறனாளிகள் நடத்திய போராட்டமே சுதந்திர வாழ்வு இயக்கம் எனப்படுகிறது. உதவியாளரைத் தானே தேர்ந்தெடுத்து, தானே பழக்கி, தானே சம்பளம் கொடுத்து, தேவைப்பட்டால் தானே வேலையிலிருந்து நிறுத்தும் உரிமை அந்த இயக்கத்தின் நடுநாயகமான கோரிக்கை.

தமிழில் ‘பராமரிப்பாளர்’ என்ற சொல்லும் ‘உதவியாளர்’ என்ற சொல்லும் இந்த இடத்தில் கலந்து வழங்குகின்றன. ஆனால் இயக்கத்தினருக்கு இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியம். பராமரிப்பாளர் பொறுப்பேற்பவர், அவர் சொன்னபடி மற்றவர் கேட்க வேண்டும். உதவியாளர் சொன்னதைச் செய்து தருபவர். இக்கட்டுரையில் உதவியாளர் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

முன்பிருந்த இரண்டு வழிகள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடுமையான உடல் ஊனம் கொண்டவருக்கு இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, பெற்றோர் வீடு. மற்றொன்று, மருத்துவமனை அல்லது காப்பகம். வீட்டில் தாயின் முதுகு தாங்கும் வரை தாங்கும், பிறகு காப்பகம். காப்பகத்தில் ஊழியர்களின் பணிநேர மாற்றத்துக்கு ஏற்ப எல்லோரும் ஒரே நேரத்தில் எழுப்பப்பட்டு, ஒரே நேரத்தில் படுக்க வைக்கப்பட்டார்கள். நாற்பது வயதுக்காரர் மாலை ஏழு மணிக்கே படுக்கைக்கு அனுப்பப்படுவது கொடுமையாகக் கருதப்படவில்லை. அது நிர்வாக வசதி.

இதில் ஒரு மருத்துவ மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இளம்பிள்ளை வாதம் பெரிய அளவில் பரவியது. இரும்பு நுரையீரல் என்னும் சுவாச இயந்திரமும் புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய பலரைப் பிழைக்க வைத்தன. அவர்கள் இளைஞர்கள். படித்தவர்கள், அல்லது படிக்க விரும்பியவர்கள். பிழைக்க வைத்த மருத்துவத்துக்கு, அதற்குப் பிறகு அவர்கள் எங்கே, எப்படி வாழ்வது என்பதற்குப் பதில் இல்லை.

கவெல் மருத்துவமனையின் மூன்றாம் தளம்

எட் ராபர்ட்ஸ் 1939இல் கலிபோர்னியாவின் சான் மேட்டியோவில் பிறந்தவர். பதினான்காம் வயதில், 1953இல், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. கழுத்துக்குக் கீழே இடக்கையின் இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் மட்டுமே அசைந்தன. இரவில் இரும்பு நுரையீரலுக்குள் தூங்க வேண்டும். மருத்துவமனையில் தன்னைச் சுற்றி நடக்கும் எதுவும் தன் வசம் இல்லை என்றானபோது, அவர் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். வலுக்கட்டாயமாக ஊட்டிப் பார்த்தார்கள். எடை மிக ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அவருக்கென அமர்த்தப்பட்டிருந்த கடைசித் தனிச் செவிலியும் போன பிறகுதான், வற்புறுத்த ஆளில்லாத நிலையில், தானாகவே சாப்பிட முடிவு செய்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். இயக்கத்தின் முழுக் கோட்பாட்டையும் இந்த நிகழ்ச்சிக்குள் தேடுவது மிகை. ஆனாலும் உதவி என்பது எப்போது தாங்கலாகிறது, எப்போது பிடியாகிறது என்பதை அவர் எங்கே கற்றார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி, வாகனம் ஓட்டும் பயிற்சி ஆகிய பாடங்களை முடிக்கவில்லை என்று சொல்லி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தார்கள். தாய் சோனா ராபர்ட்ஸ் பள்ளி நிர்வாகத்துடன் போராடி அதைப் பெற்றார். கல்லூரிக் கட்டணத்துக்கு மாநில மறுவாழ்வுத் துறையை அணுகியபோது, இவர் வேலைக்குப் போகும் சாத்தியமே இல்லை என்று துறை மறுத்தது. செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகே முடிவு மாறியது.

1962இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். தங்க இடம் இல்லை. இரும்பு நுரையீரல் ஏறத்தாழ 360 கிலோ எடை கொண்டது, மாணவர் விடுதித் தளங்கள் அதைத் தாங்கா. மாணவர் சுகாதாரப் பிரிவின் தலைவரான மருத்துவர் ஹென்றி புருயின், வளாகத்திலிருந்த கவெல் மருத்துவமனையின் மூன்றாம் தளத்தில் அவரைத் தங்கவைக்க முன்வந்தார். ராபர்ட்ஸ் நோயாளியாக அல்ல, மாணவராகத்தான் அங்கே தங்குவார் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்தார். பிறகு இன்னும் சிலர். 1960களின் இறுதியில் அந்தத் தளத்தில் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். தங்களுக்கு ‘உருளும் நாற்கைகால்முடவர்கள்’ என்று பொருள்படும் குறும்பான ஒரு பெயரையும் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் தளத்தில் நடந்த புதுமை வெளிப்பார்வைக்குச் சிறியது. மருத்துவமனைச் செவிலியர்கள் இருந்தாலும், மாணவர்கள் தங்களுக்கான உதவியாளர்களைத் தாங்களே தேடி அமர்த்திக்கொண்டார்கள். சம்பளம் மாநில அரசின் உதவித்தொகையிலிருந்து வந்தது. வந்தவர்களில் சக மாணவர்கள் இருந்தார்கள். வியட்நாம் போருக்குப் போக மனச்சாட்சியின் பேரில் மறுத்து, அதற்கு மாற்றாகச் சமூகப்பணி செய்ய வேண்டியிருந்த இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் செவிலியர் பயிற்சி கிடையாது. அது குறையாகாமல் வசதியானது. பயிற்சி பெற்ற செவிலிக்குத் தூக்குவதற்கென்று ஒரு முறை உண்டு, பாடப்புத்தக முறை. பயிற்சி இல்லாத மாணவனுக்கோ, தூக்கப்படுபவர் சொல்வதைத் தவிர வேறு பாடப்புத்தகம் இல்லை. தன் உடம்பைப் பற்றிய அறிவு தன்னிடமே இருக்கிறது என்பதையும், அதை இன்னொருவருக்குச் சொல்லித்தருவது ஒரு திறமை என்பதையும் மூன்றாம் தளத்தார் தினசரிப் பழக்கத்தில் கண்டறிந்தார்கள்.

உதவியாளர் தேவையில்லாத நேரத்தைப் பெறுவதும் அதே அளவு முக்கியம் என்பதற்கு ராபர்ட்ஸே ஒரு கதை சொல்வதுண்டு. மின்சாரச் சக்கர நாற்காலியை அவரால் இயக்கவே முடியாது என்று வல்லுநர்கள் சொல்லியிருந்தார்கள். பின்னர் அவருக்கு ஒரு காதலி அமைந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உதவியாளரும் எங்கும் உடன் வருவது சங்கடமாகிவிட்டது. நாற்காலியின் கட்டுப்பாட்டுக் கருவியைத் திருப்பி வைத்தால் தன் இரண்டு விரல்களால் இழுத்து இயக்க முடியும் என்று கண்டுபிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டார். மறுவாழ்வுத் துறை கொடுக்காத ஊக்கத்தைக் காதல் கொடுத்தது என்று சிரித்தபடி சொல்வார்.

1969இல் மறுவாழ்வுத் துறையின் ஆலோசகர் ஒருவர், எத்தனை பாடங்கள் எடுக்க வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புதிய விதிகளைக் கொண்டுவந்து, இரண்டு மாணவர்களைத் தளத்திலிருந்து வெளியேற்ற முயன்றார். மாணவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள், பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள், ஆலோசகரை மாற்றச் செய்தார்கள். நலத்திட்டத்தின் பயனாளிகள் தங்கள் மேற்பார்வையாளரை அகற்றுவது அன்று கேள்விப்படாத ஒன்று. அதோடு, அவர்கள் மருத்துவமனையிலேயே தங்கியிருக்கும் வரை எந்த ஆலோசகரும் இப்படிச் செய்யக்கூடும் என்பதும் புரிந்தது. நகருக்குள் சாதாரண வீடுகளில் எப்படிக் குடியேறுவது என்று படிக்கத் தங்களுக்குள் ஒரு பாடவகுப்பையே ஏற்படுத்திக்கொண்டார்கள்.

1970இல் கூட்டாட்சி அரசின் நிதியுடன் ஊனமுற்ற மாணவர் திட்டம் தொடங்கியது. உதவியாளராக வேலை செய்ய விரும்புவோரின் பட்டியல், அவசர நேரத்தில் அனுப்ப ஓர் ஆள், சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறை, வீடு தேடித்தரும் பிரிவு ஆகியவை அதில் இருந்தன. கொஞ்ச நாளில் மாணவரல்லாத நகரவாசிகளும் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்காக 1972இல் பெர்க்லி சுதந்திர வாழ்வு மையம் உருவானது. அதை நடத்தும் குழுவில் பெரும்பான்மையினர் ஊனமுற்றவர்களாகவே இருக்க வேண்டும் என்பது விதி. 1978இல் மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இத்தகைய மையங்களுக்கு நாடு முழுவதும் நிதி ஒதுக்க வழி செய்தது. அதற்குள் ராபர்ட்ஸ் வேறோர் இடத்தில் இருந்தார். 1975இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன், மாநில மறுவாழ்வுத் துறையின் இயக்குநராக அவரை நியமித்தார். அவரால் வேலைக்குப் போகவே முடியாது என்று கோப்பில் எழுதிய அதே துறை.

பணம் எந்த வழியில் செல்கிறது

உதவியாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது கடைசியில் பணம் செல்லும் வழியைப் பற்றிய கேள்வி. அரசு காப்பகத்துக்குப் பணம் கொடுத்தால், அதிகாரம் காப்பகத்திடம். ஆள் அனுப்பும் முகவர் நிறுவனத்துக்குக் கொடுத்தால், இன்று யார் வருவார், எப்போது வருவார் என்பதை நிறுவனம் முடிவு செய்யும். உதவி பெறுபவரின் கைக்கே கொடுத்தாலோ, அவர் சொல்லுக்கு மதிப்பு வருகிறது.

கலிபோர்னியாவில் 1973இல் உருவான வீட்டு உதவிச் சேவைத் திட்டம் இந்த மூன்றாவது வழியைப் பெரிய அளவில் செயல்படுத்தியது. மாவட்ட நிர்வாகத்தின் சமூகப் பணியாளர் ஒருவருக்கு மாதம் எத்தனை மணிநேர உதவி தேவை என்று மதிப்பிடுவார். யாரை வைத்துக்கொள்வது என்பதைப் பயனாளி முடிவு செய்வார். பக்கத்து வீட்டுக்காரரையோ, நண்பரையோ, உறவினரையோ வைத்துக்கொள்ளலாம்.

உதவியாளர் உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மறியல் ஓர் எடுத்துக்காட்டு. மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கான விதிகளில் அரசு கையெழுத்திட வேண்டும் என்று கோரி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூட்டாட்சி அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து, மூன்று வாரங்களுக்கும் மேலாக வெளியேறாமல் இருந்தார்கள். ஜூடி ஹியூமன் தலைமை ஏற்றவர்களில் ஒருவர். அந்தக் கட்டடத்தில் சுவாசக் கருவிகள் இல்லை, மாற்றுக் குழாய்கள் இல்லை, சரியான படுக்கை இல்லை. உள்ளே இருந்த சில உதவியாளர்கள் தங்கள் முதலாளிக்கு மட்டுமின்றி, பிறருக்கும் கைகொடுத்தார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சி உறுப்பினரான பிராட் லோமாக்ஸும், அவருக்கு உதவியாளராக இருந்த சக கட்சித் தோழர் சக் ஜாக்சனும் உள்ளே இருந்தார்கள். அக்கட்சி நாள்தோறும் சூடான உணவு கொண்டுவந்து கொடுத்தது. மறியல் வென்றது. அந்த வெற்றியை எழுதும்போது தலைவர்களின் பெயர்கள் வருகின்றன. இரவில் ஆளைப் புரட்டிப் போட்டவர்களில் ஜாக்சன் போன்ற மிகச் சிலரின் பெயரே மிஞ்சியிருக்கிறது.

இதே ஆண்டுகளில் கொலராடோவின் டென்வர் நகரில் வேறொரு மரபு தோன்றியது. பெர்க்லிக்காரர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். டென்வரில் வேட் பிளாங்க் என்னும் போதகர், முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் அடைபட்டிருந்த ஊனமுற்ற இளைஞர்களை வெளியே கொண்டுவந்து 1975இல் அட்லாண்டிஸ் என்னும் குடியிருப்பை அமைத்தார். அவர்கள் முதலில் பேருந்துகளை மறித்தார்கள். பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏற வசதி வேண்டும் என்பதற்காக அமைத்த அடாப்ட் என்னும் அமைப்பு, 1990இல் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் நிறைவேறியதும், சுருக்கப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மட்டும் மாற்றி, உதவியாளர் திட்டங்களுக்கான அமைப்பாக ஆகிவிட்டது. பேருந்தில் ஏற முடிந்தாலும், காலையில் படுக்கையிலிருந்து எழுப்ப ஆள் இல்லாவிட்டால் பேருந்து நிறுத்தம் வரை போவது எப்படி?

லெ கோர்ட் விடுதி

பிரிட்டனின் கதை காப்பகத்துக்குள்ளேயே தொடங்குகிறது. போர் விமானியாக இருந்த லியோனார்ட் செஷயர் 1948இல் ஹாம்ப்ஷயரிலுள்ள லெ கோர்ட் மாளிகையில் முதல் செஷயர் இல்லத்தை நிறுவினார். கருணையில் பிறந்த இடம் அது. 1956இல் தசைச் சிதைவு நோயுள்ள பால் ஹண்ட் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். எப்போது படுப்பது, யாரைச் சந்திப்பது என்பன போன்றவற்றை நிர்வாகம் முடிவு செய்வதை அவரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். வெளியேற்றப்படும் மிரட்டலும் வந்தது.

1960களில் குடியிருப்போரே ஆராய்ச்சியாளர்களை அழைத்து, தங்கள் வாழ்க்கையை ஆராயச் சொன்னார்கள். தாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லரும் ஜெரால்டின் குவின்னும் வந்து பார்த்து 1972இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இத்தகைய இல்லங்களில் சேர்வோர் சமூக அளவில் ஏற்கெனவே இறந்தவர்கள், அந்த மரணத்துக்கும் உடல் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கழிக்க உதவுவதே இல்லங்களின் வேலை என்பது அந்நூலின் கருத்து. உதவிக்கு அழைத்தவர்களுக்கு வந்து சேர்ந்த தீர்ப்பு இது. ஹண்ட் அந்த ஆராய்ச்சியாளர்களை மிகக் கடுமையாகச் சாடினார். அதே 1972 செப்டம்பரில் கார்டியன் நாளிதழுக்கு அவர் எழுதிய கடிதம், காப்பகங்களில் தனித்து ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று அழைத்தது. பிரிவினைக்கு எதிரான உடல் ஊனமுற்றோர் சங்கம் அதிலிருந்து பிறந்தது. ஊனம் என்பது உடலில் இல்லை, சமூகம் எழுப்பும் தடைகளில் இருக்கிறது என்ற கருத்துக்கு அச்சங்கமே அடித்தளமிட்டது. ஹண்ட் 1979இல் காலமானார்.

அந்த ஆண்டே லெ கோர்ட்டில் ஜான் எவன்ஸ், பிலிப் மேசன் முதலிய குடியிருப்போர் ‘திட்டம் 81’ என்னும் குழுவை அமைத்தார்கள். 1981 ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த ஊனமுற்றோர் ஆண்டு, அதுவே பெயர்க்காரணம். பெர்க்லியைப் பற்றிய செய்திகள் அவர்களை எட்டியிருந்தன. வெளியே போய்ச் சொந்த வீட்டில், சொந்த உதவியாளருடன் வாழ வேண்டும் என்பது திட்டம்.

குறுக்கே சட்டம் நின்றது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் சேவையைத் தரலாம், ஊனமுற்றவர் கையில் பணமாகத் தரக்கூடாது. எவன்ஸும் நண்பர்களும் ஹாம்ப்ஷயர் அதிகாரிகளிடம் எளிமையான கணக்கொன்றை வைத்தார்கள். லெ கோர்ட்டில் எங்களை வைத்திருக்க ஆண்டுதோறும் இல்லத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறீர்கள், அதையே நாங்கள் வெளியே வாழக் கொடுங்கள். நேரடியாகக் கொடுக்கச் சட்டம் இடம் தராததால், பணம் லெ கோர்ட் இல்லத்துக்கே சென்று, அங்கிருந்து அவர்களுக்கு வந்தது. எந்த இல்லத்திலிருந்து வெளியேறினார்களோ அதன் கணக்கு வழியாகவே அவர்களின் விடுதலைக்கான பணம் வந்தது. இரண்டு தரப்பு அதிகாரிகளும் இதற்கு ஒத்துக்கொண்டதைப் பாராட்டத்தான் வேண்டும். எவன்ஸ் 1983இல் வெளியேறினார். 1984இல் ஹாம்ப்ஷயர் சுதந்திர வாழ்வு மையம் உருவானது.

1988இல் அரசு சுதந்திர வாழ்வு நிதியத்தை நிறுவியது. சமூகப் பாதுகாப்புச் சலுகை ஒன்றை நீக்கியபோது எழுந்த எதிர்ப்பைத் தணிப்பதற்கான தற்காலிக ஏற்பாடு அது. கொஞ்சம் பேர்தான் விண்ணப்பிப்பார்கள் என்று எண்ணினார்கள். 1993க்குள் பயனாளிகள் இருபதாயிரத்தைத் தாண்டினார்கள். தேவை இல்லை என்று எண்ணப்பட்ட இடத்தில், கேட்க வழி இல்லாமல்தான் இருந்தது. 1994இல் ஊனமுற்றோர் அமைப்புகளின் பேரவைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, பணமாகக் கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ளும் உதவி, உள்ளாட்சி நேரடியாகத் தரும் சேவையைவிட 30 முதல் 40 சதவீதம் வரை செலவு குறைந்தது என்று காட்டியது. உரிமை பற்றிய வாதத்துக்கு அசையாத பழமைவாத அரசு, இந்த வாதத்துக்கு அசைந்தது. 1996இல் நேரடிப் பணம் வழங்கும் சட்டம் நிறைவேறி, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் புதிதாகச் சேர முடியாது. 2000இல் அந்தத் தடை நீங்கியது.

செலவு குறைவு என்று சொல்லிப் பெற்ற உரிமைக்கு ஒரு பலவீனம் உண்டு. செலவைக் குறைக்க வேண்டும் என்று அரசு நினைக்கும் நாளில் அதே வாதம் திரும்பி வரும். சுதந்திர வாழ்வு நிதியம் 2010இல் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி, 2015 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஊனமுற்றவர்கள் நீதிமன்றம் வரை சென்றும் தடுக்க முடியவில்லை.

சுவீடனின் கூட்டுறவு

அடோல்ஃப் ராட்ஸ்கா ஜெர்மானியர். பதினேழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஐந்தாண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர். 1966இல் பவேரிய அரசின் உதவித்தொகையுடன் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்தத் தொகையில் சக மாணவர்களை உதவியாளர்களாக அமர்த்திக்கொண்டார். 1970களில் சுவீடனுக்கு வந்தபோது, நலத்திட்டங்களுக்குப் பெயர்பெற்ற அந்த நாட்டில் உதவி தாராளமாகக் கிடைத்தது. ஆனால் யார் வருவார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. 1984இல் ஸ்டாக்ஹோமில் அவரும் நண்பர்களும் ஸ்டில் என்னும் கூட்டுறவைத் தொடங்கினார்கள். சம்பளப் பட்டியல், வரி, காப்பீடு போன்ற வேலைகளைக் கூட்டுறவு பார்த்துக்கொள்ளும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும் ஒவ்வோர் உறுப்பினரின் பொறுப்பு. 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதையே நாடு முழுவதற்குமான உரிமையாக்கியது. அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணிநேரத்துக்கு மேல் உதவி வேண்டியவருக்கு அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனம் பணம் வழங்கும். பின்னாளில், எது அடிப்படைத் தேவை என்பதை நீதிமன்றத் தீர்ப்புகள் குறுக்கியதால் பலர் இந்த உரிமையை இழந்தார்கள்.

ஆர்கன்சா மாநிலத்தின் பரிசோதனை

பணத்தைக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள், ஏமாற்றப்படுவார்கள், உடல்நிலை கெடும் என்ற அச்சம் அதிகாரிகளிடம் எப்போதும் இருந்தது. இதைச் சோதித்துப் பார்த்தது ‘பணமும் ஆலோசனையும்’ என்னும் அமெரிக்கத் திட்டம். 1998 டிசம்பரில் ஆர்கன்சாவிலும், அடுத்து நியூ ஜெர்சியிலும் புளோரிடாவிலும் தொடங்கியது. விரும்பி வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல முகவர் நிறுவனம் ஆள் அனுப்பும். மறுபாதிக்கு அதே சேவையின் மதிப்பு மாதாந்திரத் தொகையாகத் தரப்படும், திட்டமிட ஓர் ஆலோசகரும் கணக்கு வைக்க ஒருவரும் உதவுவார்கள்.

தாங்களே ஏற்பாடு செய்துகொண்டவர்களின் மனநிறைவு தெளிவாகக் கூடியது, நிறைவேறாத தேவைகள் குறைந்தன, உடல்நலக் கேடுகள் கூடவில்லை. பெரும்பாலோர் உறவினரையோ தெரிந்தவரையோ வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். செலவு பற்றிய முடிவுதான் எதிர்பாராதது. ஆர்கன்சாவில் பணம் பெற்ற பிரிவுக்கு உதவிச் செலவு அதிகமாக இருந்தது. காரணம், மற்ற பிரிவில் பலருக்கு ஒதுக்கப்பட்ட உதவி வந்து சேரவே இல்லை, நிறுவனங்களிடம் அனுப்ப ஆள் இல்லை. பழைய முறையின் சிக்கனம் என்று கணக்கில் தெரிந்தது, உண்மையில் குளிக்காமல் விடப்பட்ட நாட்கள்.

உதவியாளர்களின் பக்கம்

இந்த வரலாற்றை உதவி பெறுபவரின் பக்கமிருந்து மட்டும் எழுதுவது எளிது. உதவியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் குடியேறியவர்களும் அதிகம். கலிபோர்னியாத் திட்டத்தில் அவர்களுக்கு முதலாளி யார் என்பதே குழப்பம். வேலை சொல்பவர் ஏழை மாற்றுத்திறனாளி, பணம் தருவது மாநிலம், மணிநேரத்தை முடிவு செய்வது மாவட்டம். கூலியை உயர்த்தக் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள்.

தொழிற்சங்கமும் ஊனமுற்றோர் அமைப்புகளும் நீண்ட பேச்சுக்குப் பின் கண்ட தீர்வு, மாவட்டம்தோறும் ஒரு பொது ஆணையம். கூலி பேசுவதற்கு ஆணையமே முதலாளி. தேர்ந்தெடுக்கவும், வேலை சொல்லவும், நிறுத்தவும் உதவி பெறுபவரே முதலாளி. 1999 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் 74,000 உதவியாளர்கள் சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். பல பத்தாண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் கண்ட மிகப்பெரிய சேர்க்கை அது.

எல்லா மோதலும் இப்படித் தீரவில்லை. 1974இல் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் விரிவாக்கப்பட்டபோது, முதியோருக்கும் நோயுற்றோருக்கும் துணையிருப்பவர்கள் விலக்கப்பட்டார்கள். 2013இல் தொழிலாளர் துறை அந்த விலக்கைப் பெரிதும் நீக்கியது. மிகைநேரக் கூலி கொடுக்க வேண்டும் என்றானதும், மாநிலங்கள் தொகையைக் கூட்டாமல் ஓர் உதவியாளரின் மணிநேரத்துக்கு உச்சவரம்பு வைக்கும், பழகிய ஆளை இழப்போம் என்று அடாப்ட் போன்ற அமைப்புகள் அஞ்சின. தொழிலாளியின் நியாயமும் உதவி பெறுபவரின் நியாயமும் ஒரே போதாத நிதிக்குள் அடைக்கப்படும்போது ஒன்றோடொன்று முட்டுகின்றன. குற்றம் இருவர் மீதும் இல்லை.

ஐ.நா. உடன்படிக்கையும் இந்தியச் சட்டமும்

1999 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜார்ஜியா மாநில மருத்துவமனையில் தேவையின்றித் தங்கவைக்கப்பட்ட லோயிஸ் கர்ட்டிஸ், எலைன் வில்சன் ஆகியோர் வழக்கில், சமூகத்தில் வாழக் கூடியவரைக் காப்பகத்தில் வைத்திருப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், தனிப்பட்ட உதவியாளர் வசதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2017இல் உடன்படிக்கைக் குழு வெளியிட்ட விளக்கவுரை, நிதி அந்த நபரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், உதவியாளரை அவரே தேர்ந்தெடுத்துப் பழக்கி மேற்பார்வையிட வேண்டும் என்று விரித்துச் சொன்னது. பெர்க்லியின் மூன்றாம் தளத்தில் நடைமுறையாக இருந்ததுதான் அது.

இந்தியா 2007 அக்டோபரில் உடன்படிக்கையை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்லி, அதற்கான சேவைகளில் தனிப்பட்ட உதவியையும் சேர்க்கிறது. 24ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. சட்டத்தின் வாசகப்படி அந்தப் படி மாற்றுத்திறனாளிக்கு உரியது, பராமரிப்பவருக்கு அல்ல. நடைமுறையிலோ, வீட்டில் தாயோ மனைவியோ மகளோ கூலியின்றிச் செய்யும் உழைப்பே இன்றும் இந்தியாவின் முதன்மையான உதவித் திட்டம். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு அரசு தரும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. மாதம் முப்பது நாள், காலையில் ஒரு மணிநேரமும் இரவில் ஒரு மணிநேரமும் ஆள் வைத்தால், அந்தத் தொகையில் மணிக்குக் கொடுக்க முடிவது முப்பத்துமூன்று ரூபாய்.